ஏரியும் ஏழுமலையும்

திருப்பதி நகரத்தின் இரைச்சலைத் தாண்டித் தெற்கே ராமச்சந்திராபுரம் மண்டலத்துக்குள் போனால் ராயலசெருவு. குன்றுகளுக்கு இடையே மண்கொண்டு எழுப்பிய கரை. ஒரு பக்கம் விரிந்து கிடக்கும் தண்ணீர், மறுபக்கம் தாழ்வான வயல்கள். ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்த பிறகு தாத்தா பாட்டி முதல் பள்ளிப் பிள்ளைகள் வரை சேர்ந்து நடக்க ஏற்ற இடம். மூச்சு வாங்கும் ஏற்றம் எதுவும் கிடையாது. கிருஷ்ணதேவராயர் காலத்தில் கட்டிய ஏரி என்பது ஊர் வழக்கு. ஐந்நூறு ஆண்டுப் பழமை என்று பெருமையோடு சொல்வார்கள்.

ஆந்திரத்தின் இந்த மூலைக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் ஏழுமலையான திருமலைக்காகத்தான் வருகிறார்கள். ஏரிகள் பேருந்து ஜன்னலுக்கு வெளியே ஓடி மறைந்துவிடுகின்றன. விஜயநகர காலத்தில் இந்த இரண்டும் ஒரே கணக்கில் இருந்தவை. மலைமேல் விழுந்த காசு அடிவாரத்தில் ஏரியானது, கால்வாயானது. அந்தத் தண்ணீரில் விளைந்த நெல் மறுபடியும் மலையேறிப் பிரசாதமானது.

இதற்குச் சான்று திருமலைக் கோயில் சுவர்களிலேயே இருக்கிறது. திருமலை, திருப்பதிக் கோயில்களின் கல்வெட்டுகள் ஆயிரத்துக்கும் மேல். அவற்றில் மிகப் பெரும்பாலானவை தமிழில் பொறிக்கப்பட்டவை. சாது சுப்பிரமணிய சாஸ்திரி உள்ளிட்டோர் அவற்றைப் படித்துத் தொகுக்க, திருமலை திருப்பதி தேவஸ்தானம் 1930களில் அவற்றை வரிசையாகப் பதிப்பித்தது. அமெரிக்க வரலாற்றாசிரியர் பர்ட்டன் ஸ்டைன் அந்தத் தொகுதிகளை வைத்துக்கொண்டு 1960இல் ஒரு கட்டுரை எழுதினார். ஒரு தென்னிந்தியக் கோயில் பொருளாதாரத்தில் என்ன வேலை செய்தது என்பதே அவர் கேள்வி. பாசனத்துக்கு முதல் போட்டது கோயில் என்பது அவர் கண்ட விடை.

நடைமுறை இதுதான். பக்தர் ஒருவர் தம் பெயரில் நாள்தோறும் தளிகை நடக்க வேண்டும் என்று ‘நற்பணம்’ கட்டுவார். கோயிலை நிர்வகித்த தானத்தார் அந்தப் பணத்தைப் பெட்டியில் பூட்டிவைக்கவில்லை, வட்டிக்கும் விடவில்லை. கோயிலுக்குச் சொந்தமான ஊர்களில் ஏரி வெட்டினார்கள், கால்வாய் தோண்டினார்கள், உடைந்ததைச் செப்பனிட்டார்கள். மானாவாரியாகக் கிடந்த நிலம் நஞ்சையாயிற்று. கூடுதலாகக் கிடைத்த விளைச்சலில் பக்தரின் கட்டளை நடந்தது. திருப்போனகமும் அப்பமும் அதிரசமும் படைத்த பிறகு, அதில் காற்பங்கு கட்டளைக்காரருக்கு வரும். கல்வெட்டுகளில் அதற்கு ‘விட்டவன் விழுக்காடு’ என்று பெயர். அதிரசத்தில் எத்தனை தமக்கு வரும் என்பதுவரை கல்லில் வெட்டிவைத்தவர்கள் அந்தக் காலத்துப் பெரிய மனிதர்கள். அந்தக் கறாரான கணக்கு இல்லாமல் போயிருந்தால் இந்த ஏரிகளின் பிறப்பைப் பற்றி இன்று நமக்கு ஒன்றும் தெரிந்திருக்காது.

இந்த முறை செழித்தது பதினைந்தாம் நூற்றாண்டின் நடுவிலிருந்து. சந்திரகிரியில் இருந்தபடி இந்தப் பகுதியை ஆண்ட சாளுவ நரசிம்மர், 1485இல் விஜயநகர அரியணையையே கைப்பற்றினார். அவர் காலத்தில் திருமலையில் அடியார்களுக்கு உணவிடும் ராமானுஜகூடம் எழுந்தது. அதை நடத்தியவர் கந்தாடை ராமானுஜ ஐயங்கார். பிறகு வந்த கிருஷ்ணதேவராயர் 1513 தொடங்கி ஏழு முறை மலைக்கு வந்ததாகக் கல்வெட்டுகள் சொல்கின்றன. இரு தேவியரோடு அவர் கைகூப்பி நிற்கும் உலோகச் சிலைகளைக் கோயிலுக்குள் நுழைகிறவர்கள் இன்றும் பார்க்கலாம்.

ஏரி கட்டுவது அப்போதே தேர்ந்த சாஸ்திரமாகியிருந்தது. பக்கத்துக் கடப்பை மாவட்டத்துப் போருமாமிள்ளவில் விஜயநகர மன்னர் முதலாம் புக்கரின் மகன் பாஸ்கரர் கட்டிய ஏரி இருக்கிறது. 1369ஆம் ஆண்டுக் கல்வெட்டு அங்கே நிற்கிறது. நாளுக்கு ஆயிரம் ஆட்கள், கல் இழுக்க நூறு வண்டிகள், இரண்டு ஆண்டு உழைப்பு என்று அது சொல்கிறது. ஒரு நல்ல ஏரிக்குப் பன்னிரண்டு இலக்கணங்களையும் ஆறு குற்றங்களையும் அடுக்குகிறது. நீரியல் அறிந்தவர் வேண்டும், இறுகிய மண் வேண்டும், பக்கத்திலேயே கல் கிடைக்க வேண்டும், கரையைத் தாங்க மலை வேண்டும். குற்றங்களில் முதலாவது கரையில் நீர் கசிவது. ஏரியின் நடுவே மேடு இருப்பதும், தண்ணீர் குறைந்து நிலம் மிகுவதும், நிலம் குறைந்து தண்ணீர் மிகுவதும் குற்றங்களே. இரண்டு அரசுகளின் எல்லையில் ஏரி அமைவதையும் அந்தப் பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள். அறுநூற்றைம்பது ஆண்டுக்கு முந்தைய அந்த எச்சரிக்கையின் அருமை, நதிநீர் வழக்குகளைப் பார்த்து வளர்ந்த நமக்கு நன்றாகவே தெரியும்.

கட்டினால் மட்டும் போதாது, காக்கவும் வேண்டும். ஏரியை வெட்டியவருக்கும் பராமரித்தவருக்கும் அதன் பாசனத்திலேயே மானியம் விடும் ‘தசபந்தம்’ என்னும் ஏற்பாடு இந்தப் பக்கத்தில் வெள்ளைக்காரர் ஆட்சியிலும் தொடர்ந்தது. மதகைத் திறந்து மூடி, எந்த வயலுக்கு எப்போது தண்ணீர் என்று பார்த்துக்கொள்ள ‘நீருகண்டி’ இருந்தார். கரையில் எலி வளை தோண்டினாலும் முதலில் பார்ப்பது அவர் கண்தான். பராமரிப்பு அரசுத் துறையின் கோப்புகளுக்குள் போனபோது அந்தக் கண் ஏரியை விட்டு விலகிற்று. ஏரிகளுக்கு நேர்ந்த இழப்புகளில் பெரியது இதுதான்.

2021 நவம்பரில் அந்தக் கண்ணின் தேவையைத் திருப்பதி உணர்ந்தது. அடைமழையில் ராயலசெருவு வழக்கத்துக்கு மீறி நிரம்பியது. கரையில் கசிவு தெரிந்தது. போருமாமிள்ளக் கல்வெட்டு சொன்ன அதே முதல் குற்றம். கீழே இருந்த கிராமத்து மக்களை மேட்டுப் பகுதிக்குப் போகச் சொல்லி அதிகாரிகள் எச்சரித்தார்கள். மணல் மூட்டைகள் அடுக்கப்பட்டன; பொறியாளர்கள் வந்து பார்த்தார்கள். கரை நின்றது. அந்தப் பழைய கரை அத்தனை பெரிய மழையைத் தாங்கியதில் பழைய கைகளுக்கும் பங்குண்டு, மூட்டை சுமந்த புதிய கைகளுக்கும் பங்குண்டு.

குன்றும் நீரும் சேர்ந்த இன்னொரு இடம் சந்திரகிரி. செங்குத்தான பாறைக் குன்றின் அடியில் கோட்டை. மரத்தைத் தொடாமல் கல்லும் செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு எழுப்பிய மூன்றடுக்கு ராஜமகால், அருகில் ராணிமகால். 1565இல் தலைக்கோட்டைப் போரில் தோற்ற பிறகு பெனுகொண்டாவுக்கு நகர்ந்த விஜயநகர அரசு, பின்னர் இங்கே வந்து சேர்ந்தது. இரண்டாம் வேங்கடபதி ராயரின் அவைக்கு ஏசு சபைப் பாதிரியார்கள் வந்து போனார்கள். 1639இல் சென்னை உருவாகக் காரணமான நிலத்தை ஆங்கிலேயர் பெற்றது சந்திரகிரி அரசுக்கு அடங்கிய நாயக்கரிடம். சென்னையிலிருந்து வரும் குடும்பங்கள் இந்த ஒன்றைப் பிள்ளைகளிடம் சொன்னாலே, அருங்காட்சியகமாகிவிட்ட ராஜமகாலின் அறைகளில் அவர்கள் கேள்விமேல் கேள்வி கேட்பார்கள்.

சந்திரகிரியிலிருந்து சீனிவாச மங்காபுரம் வழியாகப் போனால் ஸ்ரீவாரி மெட்டு. அங்கிருந்து திருமலைக்கு 2,388 படிகள். அலிபிரி வழி இன்னும் நீளம்: ஏறத்தாழ ஒன்பது கிலோமீட்டர், 3,550 படிகள். மட்லி அனந்தராஜர் என்னும் சிற்றரசர் பதினேழாம் நூற்றாண்டில் இந்தப் பாதையைச் செப்பமாக்கினார் என்பார்கள். முதல் மலைச்சாலை திறந்த 1944 வரை, டோலியில் போனவர்கள் நீங்கலாக எல்லோரும் நடந்தே ஏறினார்கள். பிள்ளைகளோடு நடப்பவர்கள் மறக்கக் கூடாத செய்தி ஒன்று உண்டு. 2023 ஆகஸ்டில் அலிபிரி பாதையில் ஆறு வயதுச் சிறுமி ஒருத்தியைச் சிறுத்தை கொன்றது. அதன்பின் பதினைந்து வயதுக்குக் குறைந்தவர்களைப் பிற்பகல் 2 மணிக்கு மேல் தேவஸ்தானம் பாதையில் விடவில்லை. இது தேசியப் பூங்காவின் காடு. கூட்டமாக, வெளிச்சத்தில், குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு நடப்பதே முறை.

ராயலசெருவை நிறைத்த அதே 2021 மழை ஸ்ரீவாரி மெட்டையும் விட்டுவைக்கவில்லை. பாறைகள் உருண்டு படிகள் பெயர்ந்தன, பாதை மூடப்பட்டது. தேவஸ்தானம் அதைச் சீரமைத்து 2022 மே மாதம் திறந்தது. அதற்கு ஒரு மாதம் முன்புதான், ஏப்ரல் 4 அன்று, 1911 முதல் சித்தூர் மாவட்டத்தில் இருந்துவந்த இந்த ஊர்கள் புதிய திருப்பதி மாவட்டத்துக்குள் வந்திருந்தன.