நெடுந்தீவுக்குத் தனி வெட்டுப்புள்ளி இல்லை

உயர்தரப் பெறுபேறு வந்தால் முகநூல் முழுக்க மூன்று ஏ வாழ்த்துகள்தான். பிறகு வெட்டுப்புள்ளி வரும். அதோடு பழைய சண்டையும் வரும். தரப்படுத்தல் பற்றிய பதிவுகளின் கீழே எங்களைப் பார்த்து ஒரு கேள்வி தவறாமல் விழும்: "உங்கட ஆள் பதியுதீன் மஹ்மூத் செய்த வேலைதானே இது?" சரி, பதில் சொல்வோம். ஆனால் இரு பக்கச் சண்டையிலும் யாரும் பேசாத தீவகத்துப் பிள்ளையையும் சேர்த்துக்கொண்டு சொல்வோம்.

1970இல் சிறிமாவோ பண்டாரநாயக்கவின் கூட்டரசாங்கம் வந்தபோது பதியுதீன் மஹ்மூத் கல்வி அமைச்சரானார். கம்பளை சாஹிராவை வளர்த்தெடுத்த அதிபர் அவர். அப்போது விஞ்ஞான பீடங்களில் தமிழ் மாணவர்களின் பங்கு பெரிது. 1969இல் மருத்துவத்திலும் பொறியியலிலும் ஏறக்குறைய பாதி இடங்கள் அவர்களுடையவை. 1971 அனுமதியில் அரசாங்கம் மொழிக்கு ஒரு வெட்டுப்புள்ளி வைத்தது. 400க்கு, மருத்துவத்துக்குச் சிங்கள மொழிமூலம் 229, தமிழ் மொழிமூலம் 250. பொறியியலுக்கு 227உம் 250உம்.

இந்தக் கணக்கில் ஒரு விசயத்தை நம்மவர்களும் மறந்துவிடுகிறோம், எங்களைக் கேள்வி கேட்பவர்களும் மறந்துவிடுகிறார்கள். அந்த 250 தமிழ் இனத்துக்கு வைத்த புள்ளி அல்ல, தமிழ் மொழிமூலத்துக்கு வைத்த புள்ளி. யாழ்ப்பாணம் ஒஸ்மானியாவில் படித்த சோனகப் பிள்ளைக்கும் 250தான். காத்தான்குடிப் பிள்ளைக்கும், மன்னார்ப் பிள்ளைக்கும் 250தான். தமிழில் படித்த முஸ்லிம் பிள்ளையின் கழுத்திலும் அதே கத்திதான் இருந்தது, கத்தியை வைத்த அமைச்சு ஒரு முஸ்லிமின் கையில் இருந்தபோதும்.

1973இல் புள்ளிகளை மொழிவாரியாகச் சமப்படுத்தினார்கள். 1974இல் மாவட்ட ஒதுக்கீடு வந்தது. இதற்குப் பிறகுதான் கதை சிக்கலாகிறது. பின்தங்கிய ஊர்ப் பிள்ளைகளுக்கு வாய்ப்புக் கொடுக்கத்தான் மாவட்ட முறை என்றார்கள். அதில் நியாயம் இல்லை என்று எங்களால் சொல்ல முடியாது. மட்டக்களப்பு, அம்பாறை, மன்னார், வவுனியாப் பிள்ளைகளுக்கு, தமிழரோ முஸ்லிமோ, கதவு கொஞ்சம் திறந்தது உண்மை. கொழும்பு, கண்டி நகரத்துப் பிள்ளைகளோடு அவர்கள் எந்தக் காலத்தில் சமமாக ஓட முடிந்தது? ஆனால் யாழ்ப்பாண மாவட்டத்துக்கு அடி பலமாக விழுந்தது. பொறியியலில் தமிழர் பங்கு 1974இல் 16 வீதத்தளவுக்கு இறங்கியது. அந்த வருடங்களின் கோபம் எங்கே போய் முடிந்தது என்று நாங்கள் சொல்லத் தேவையில்லை.

நாங்கள் கேட்பது வேறு. "யாழ்ப்பாணம் முன்னேறிய மாவட்டம்" என்று எழுதியபோது அந்த மாவட்டத்துக்குள் யார் யார் இருந்தார்கள்?

நகரத்து இந்துக் கல்லூரியும் சென் ஜோன்ஸும் இருந்தன. அவற்றோடு நெடுந்தீவும் இருந்தது. குறிகாட்டுவான் வரை பஸ், அங்கிருந்து படகில் ஏறக்குறைய ஒரு மணித்தியாலம். வாடைக்காற்று பெருத்தால் படகும் இல்லை. நயினாதீவும் அனலைதீவும் எழுவைதீவும் இருந்தன. தீவுப் பிள்ளைக்கு மூளை இல்லாமலா? தனிநாயகம் அடிகள் ஊர்காவற்றுறையின் கரம்பனில் பிறந்தவர், ஊர்காவற்றுறை சென் அன்ரனிஸில் படித்தவர். கன்னங்கராவின் மத்திய பாடசாலைத் திட்டம் வேலணைக்கும் வந்தது. இருந்தும் விஞ்ஞானம் படிக்க வேண்டுமென்றால் நகரத்துக்குப் போய் உறவுக்காரர் வீட்டிலோ விடுதியிலோ தங்குவதுதான் தீவகத்தின் பழைய வழக்கம். போக வசதி இல்லாதவன் கலைப்பிரிவு. ஒதுக்கீட்டுப் பட்டியல் தயாராகும்போது இந்தப் பிள்ளை நகரத்துப் பிள்ளையோடு ஒரே வரிசையில் நிற்கிறான், இருவருக்கும் ஒரே வெட்டுப்புள்ளி.

மாவட்டக் கோடு எவ்வளவு பெரிய காரியம் செய்யும் என்பதற்குக் கிளிநொச்சியே சாட்சி. 1984 வரை கிளிநொச்சியும் யாழ்ப்பாண மாவட்டத்துக்குள்தான். வன்னிக் காட்டை வெட்டிக் குடியேறிய விவசாயியின் பிள்ளையும் "முன்னேறிய மாவட்ட" மாணவன். 1984இல் அது நாட்டின் 25ஆவது மாவட்டமானது. இன்று மருத்துவத்துக்கான கிளிநொச்சி வெட்டுப்புள்ளி வழமையாக யாழ்ப்பாணத்தைவிடக் குறைவு. குளமும் வயலும் அதேதான், கோடு மட்டும் மாறியது. தீவகத்துக்கு அப்படி ஒரு கோடு விழவில்லை.

1977இல் ஆட்சி மாறியபின் மொழிவாரித் தரப்படுத்தல் போனது, மாவட்டம் போகவில்லை. இன்று மருத்துவம், பொறியியல் போன்ற துறைகளில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை, 55 வீதம் மாவட்டச் சனத்தொகைப்படி, 5 வீதம் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு மேலதிகமாக. யாழ்ப்பாணமும் இப்போது அந்த 16இல் ஒன்று. யுத்தம் செய்த தரப்படுத்தல் இது என்று வேண்டுமானால் சொல்லலாம். ஆனால் அந்தச் சலுகையும் மாவட்டத்துக்குத்தான், அதில் கூடுதலாக நகரத்துப் பிள்ளைக்கா தீவுப் பிள்ளைக்கா என்று யோசித்துப் பாருங்கள்.

எல்லைக் கோட்டின் வலியை வடக்கு முஸ்லிம்களாகிய நாங்களும் அறிவோம். 1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்ட பின் எங்கள் பிள்ளைகள் பலர் புத்தளத்தில் உயர்தரம் எழுதினார்கள். அந்த மாவட்டமும் பின்தங்கியது, இடங்களோ எண்ணி வைத்தவை. வந்தவர்களுக்கும் இருந்தவர்களுக்கும் இடையில் வந்த மனத்தாங்கல்களில் பல்கலைக்கழக இடமும் ஒன்று. இரு பக்கமும் தொழுதது ஒரே பள்ளியில்.

விசித்திரம் என்னவென்றால், கல்வி நிர்வாகத்துக்குத் தீவகம் தனியான இடம் என்று நன்றாகத் தெரியும். தீவகக் கல்வி வலயம் என்று தனி வலயமே உண்டு. ஆசிரியர் இடமாற்றத்துக்கு, பரிசோதனைக்கு, கூட்டத்துக்கு அது தனி வலயம். பல்கலைக்கழக அனுமதி என்று வந்தால் மட்டும் வலயம் கரைந்து மாவட்டமாகிவிடுகிறது. இதோடு இன்னொன்றையும் வைத்துப் பாருங்கள். நாட்டில் பத்தாயிரத்துக்குச் சற்று மேற்பட்ட அரச பாடசாலைகள். அவற்றில் உயர்தர விஞ்ஞானப் பிரிவு உள்ள 1ஏபி பாடசாலைகள் ஆயிரத்துச் சொச்சம். வெட்டுப்புள்ளி வருவதற்கு முன்னமே பெரும்பாலான கிராமத்துப் பிள்ளைகள் வெட்டுப்பட்டுப் போகிறார்கள்.

மாவட்டத்தை விட்டால் வேறு அலகு இல்லையா என்றால், இருக்கிறது. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலம் 1997இல் ஒரு சட்டம் போட்டது. ஒவ்வொரு உயர்நிலைப் பாடசாலையிலும் முதல் பத்து வீதத்துக்குள் வரும் மாணவருக்கு மாநிலப் பல்கலைக்கழக அனுமதி நிச்சயம் என்றது. பிறகு ஆஸ்டின் பல்கலைக்கழகத்துக்கு அளவைச் சுருக்கினார்கள், நகரத்துப் பெற்றோரின் முறைப்பாடும் ஓயவில்லை. அதை அப்படியே இங்கே கொண்டுவரச் சொல்லவில்லை. விஞ்ஞானப் பிரிவே இல்லாத பாடசாலையின் முதல் பத்து வீதம் மருத்துவ பீடத்துக்கு எப்படிப் போவது? ஆனால் அங்கே கணக்கின் அலகு பாடசாலை, அந்தப் பாடசாலை எந்தத் தீவில் இருந்தாலும்.

பதியுதீன் மஹ்மூத் பற்றிய கேள்வியைத் தொடர்ந்து கேளுங்கள், நாங்கள் ஓடவில்லை. கேட்கும்போது, இந்த வருடம் தீவக வலயத்திலிருந்து மருத்துவத்துக்கும் பொறியியலுக்கும் எத்தனை பேர் போனார்கள், அவர்களில் எத்தனை பேர் உயர்தரத்தைத் தீவிலேயே படித்தவர்கள் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.