பின்பால் எந்திரப் புதுப்பாக்கம்

பின்பால் எந்திரப் புதுப்பாக்கம் என்பது, காசு போட்டு ஆடும் பழைய பின்பால் எந்திரங்களைப் பிரித்துப் பழுது பார்த்து, வண்ணம் தீட்டி, சில வேளைகளில் முற்றிலும் வேறு ஆட்டமாகவே மாற்றியமைக்கும் பொழுதுபோக்குக் கலை. தச்சு, பெயின்ட், மின்வேலை, நிரலாக்கம் எனப் பல கைவேலைகள் இதில் ஒன்றுசேர்கின்றன. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் கடந்த அரை நூற்றாண்டில் இது வளர்ந்தது. ஆனால் ஓர் எந்திரத்தை இன்னொன்றாக்கும் வேலையை முதலில் பெரிய அளவில் செய்தவை சிகாகோவின் தொழிற்சாலைகளே.

தோற்றம்

பின்பாலின் மூலம் 18ஆம் நூற்றாண்டுப் பிரான்சின் பகடேல் என்ற மேசை ஆட்டம். கோலால் தள்ளிவந்த குண்டை வில்சுருளால் உந்தும் அமைப்புக்கு, அமெரிக்காவின் சின்சினாட்டியில் வாழ்ந்த மான்டேகு ரெட்கிரேவ் 1871இல் காப்புரிமை பெற்றார். 1931இல் சிகாகோவின் டேவிட் காட்லீப் வெளியிட்ட ‘பேஃபிள் பால்’ 50,000க்கும் மேல் விற்றது. அதன் விநியோகஸ்தர்களில் ஒருவரான ரேமண்ட் மொலோனி, போதுமான சரக்கு கிடைக்காததால் தாமே ‘பாலிஹூ’ என்ற எந்திரத்தைத் தயாரித்தார். அவருடைய பாலி நிறுவனத்துக்குப் பெயர் தந்தது அதுதான். குண்டைத் திருப்பியடிக்கும் ஃபிளிப்பர் 1947இல் காட்லீப் நிறுவனத்தின் ‘ஹம்ப்டி டம்ப்டி’யில் வந்தது. மறு ஆண்டே ஸ்டீவ் கோர்டெக் வடிவமைத்த ‘டிரிபிள் ஆக்‌ஷன்’, ஆறு ஃபிளிப்பர்களுக்குப் பதில் இரண்டை மட்டும் பலகையின் அடிப்பகுதியில் வைத்தது. இன்றும் பெரும்பாலான எந்திரங்களில் அந்த அமைப்பே தொடர்கிறது.

போர்க்கால உருமாற்றம்

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கா இறங்கியபின், உலோகமும் மின்பொருள்களும் போர் உற்பத்திக்குத் திருப்பப்பட்டன. புதிய பின்பால் எந்திரங்கள் செய்வது நின்றது. 1942இல் லின் டுரன்ட், ஹாரி வில்லியம்ஸ் ஆகியோர் தொடங்கிய யுனைடெட் நிறுவனமும் வேறு சில பட்டறைகளும் கடைகளில் ஓடித் தேய்ந்த எந்திரங்களை வாங்கி, பெட்டியையும் மின்சுற்றையும் வைத்துக்கொண்டு படங்களையும் பெயரையும் மாற்றிப் புது ஆட்டமாக விற்றன. எந்திரத்தின் தலைப்பகுதியில் கடற்கரை அழகிகள் இருந்த ஓவியக் கண்ணாடியில் போர்க்கப்பல்களும் விமானங்களும் ஏறின. தட்டுப்பாட்டில் பிறந்த இந்த உத்தியே, எந்திரத்தைப் புதுக் கருவுக்கு மாற்றும் இன்றைய ‘ரீதீம்’ வேலைக்கு முன்னோடி.

தடையும் வீடு புகுதலும்

பின்பாலைச் சூதாட்டம் என்று கருதிய நியூயார்க் நகரம், மேயர் ஃபியரெல்லோ லா கார்டியா காலத்தில் 1942இல் அதைத் தடை செய்தது. பறிமுதலான ஆயிரக்கணக்கான எந்திரங்கள் சம்மட்டியால் நொறுக்கப்பட்டன. 1976இல் பத்திரிகையாளரும் பின்பால் ஆட்டக்காரருமான ரோஜர் ஷார்ப் நகரசபைக் குழுவின் முன் ஆடிக்காட்டி, இது அதிர்ஷ்டத்தை அல்ல, திறமையை நம்பிய ஆட்டம் என்று நிறுவியபின் தடை நீங்கியது.

ஏறத்தாழ அதே சமயத்தில் தொழில்நுட்பமும் மாறியது. 1977 முதல் பெரிய நிறுவனங்கள் ரிலேக்களைக் கைவிட்டு நுண்செயலிக்குத் தாவின. அடுத்து வந்த ‘ஸ்பேஸ் இன்வேடர்ஸ்’, ‘பேக்-மேன்’ போன்ற வீடியோ ஆட்டங்கள் கடைகளில் இடம்பிடித்தன. வருமானம் தராத பழைய பின்பால் எந்திரங்கள் மலிவு விலைக்கு வெளியே வந்து வீடுகளின் நிலவறைகளையும் கார் கொட்டகைகளையும் சேர்ந்தன. கடைக்காரர் வைத்திருந்த பழுதுபார்ப்பவர் வீட்டுக்கு வரமாட்டார் என்பதால், வாங்கியவரே திருப்புளியைக் கையில் எடுக்க வேண்டியதாயிற்று. 1985 முதல் சிகாகோ பகுதியில் நடந்துவரும் பின்பால் எக்ஸ்போ, இப்படித் தனித்தனியாகத் தடுமாறியவர்களைப் பழைய வடிவமைப்பாளர்களோடு சந்திக்கவைத்தது.

பழுதுபார்க்கும் முறை

1977க்கு முந்திய மின்-இயந்திர வகையில் கணினி கிடையாது. மதிப்பெண் கூட்டுவதையும் ஆட்டக்காரரின் முறையை மாற்றுவதையும் ரிலேக்கள், படிச்சக்கரங்கள், சுழலும் மதிப்பெண் மோட்டார் ஆகியவையே கவனிக்கின்றன. ஒரே எந்திரத்தில் நூற்றுக்கணக்கான தகட்டுச் சுவிட்சுகள் இருக்கும். அவற்றில் ஒன்றில் அழுக்குப் படிந்தாலும் ஆட்டம் தொடங்காமல் போகலாம். எனவே மின்சுற்று வரைபடத்தைப் படிக்கத் தெரிவதே இதில் முதல் பாடம்.

ஃபிளிப்பரைச் சீர்செய்வது இந்த வேலையின் இயல்பைக் காட்டும். அதை இயக்கும் காயிலில் (கம்பிச் சுருளில்) இரண்டு சுற்றுகள் உண்டு: அடிக்கும் வேகத்தைத் தரும் வலுவான சுற்று ஒன்று, மேலே தூக்கிய நிலையில் பிடித்து வைக்கும் மென்மையான சுற்று இன்னொன்று. ஃபிளிப்பர் முழுவதும் எழுந்ததும் ஒரு சிறு சுவிட்ச் திறந்து வலுவான சுற்றை விடுவிக்க வேண்டும். திறக்காவிட்டால் காயில் கருகும். அந்தச் சுவிட்சின் முனைகள் பொத்தலாகிக் கரிபிடித்தால் அடி சோர்ந்துபோகும். சுவிட்சின் முனைகளை அரம் கொண்டு தேய்த்து, இடைவெளியைச் சரிசெய்து, தேய்ந்த உள்ளுறையையும் தள்ளுதண்டையும் மாற்றினால் ஐம்பது ஆண்டுப் பழைய ஃபிளிப்பரும் புதிதுபோல் அடிக்கும். காயிலுக்குள் எண்ணெய் விடக்கூடாது என்பது இத்துறையின் பாலபாடம். எண்ணெயில் தூசி ஒட்டி உள்தண்டு இறுகிவிடும்.

நுண்செயலி வந்தபின் நோயும் மாறியது. நினைவகத்தைக் காக்கப் பலகையில் பற்றவைத்த மின்கலம் நாளடைவில் கசிந்து செப்புத் தடங்களை அரித்துவிடுகிறது. கசிந்த காரத்தை வினிகரால் நடுநிலையாக்கி, அரித்த தடங்களை ஒயரால் இணைத்து, மின்கலமே தேவைப்படாத நினைவகச் சில்லைப் பொருத்துவது இன்றைய வழக்கம்.

பலகையும் கண்ணாடியும்

சுமார் 27 மில்லிமீட்டர் விட்டமும் 80 கிராம் எடையும் கொண்ட எஃகுக் குண்டு, ஒட்டுப்பலகை மேல் ஆண்டுக்கணக்கில் உருண்டு வண்ணத்தைத் தேய்த்து மரத்தை வெளிக்காட்டிவிடுகிறது. இதைச் சரிசெய்பவர்கள் பலகையிலுள்ள நூற்றுக்கணக்கான உறுப்புகளைப் படமெடுத்து வைத்துக்கொண்டு கழற்றுகிறார்கள். அழுக்கை நீக்கி, குழிகளுக்குப் பட்டி பார்த்து, தூரிகையாலோ தெளிப்பானாலோ வண்ணத்தை ஒப்பவைத்து, கார்களுக்கு அடிக்கும் கிளியர் கோட் பூசி, உப்புத்தாளால் தேய்த்து மெருகேற்றுகிறார்கள். மீட்கமுடியாத அளவு தேய்ந்திருந்தால், உரிமம் பெற்று அச்சிடப்படும் மறுபதிப்புப் பலகை சில ஆட்டங்களுக்குக் கிடைக்கிறது.

எந்திரத்தின் தலைப்பகுதியிலுள்ள ஓவியக் கண்ணாடி இன்னும் நுட்பமானது. படம் கண்ணாடியின் பின்புறத்தில், திரை அச்சு முறையில், அடுக்கடுக்காகத் தலைகீழ் வரிசையில் பதிக்கப்பட்டது. பின்னால் எரியும் பல்புகளின் சூடும் நிலவறையின் ஈரமும் சேர்ந்து அந்த வண்ணத்தை உரித்துவிடும். உரிந்ததை ஒட்டவைக்க வழியில்லை. எஞ்சியதன்மேல் நிறமற்ற பூச்சு தெளித்து மேற்கொண்டு உதிராமல் காப்பதே பலரும் செய்வது.

வேறு ஆட்டமாக மாற்றுதல்

மாற்றங்களில் எளியது பல்பை எல்இடியாக்குவது. இதனால் சூடு குறைந்து கண்ணாடி ஓவியம் காக்கப்படுகிறது. அடுத்த படி, பலகைமேல் சிற்பங்கள் வைப்பது, பெட்டிக்குப் புதுப் படம் ஒட்டுவது, ஒலிபெருக்கியை மாற்றுவது. உச்சநிலை ரீதீம்: மலிவான அல்லது சிதைந்த எந்திரத்தை எடுத்து, தனக்குப் பிடித்த திரைப்படத்தையோ இசைக்குழுவையோ கருவாக வைத்து ஓவியம், ஒலி, விதிகள் அனைத்தையும் புதிதாகச் செய்வது. 2010க்குப் பின் பரவிய ‘பி-ராக்’ என்ற கட்டுப்பாட்டுப் பலகை, எந்திரத்தின் பழைய கணினியை ஒதுக்கிவிட்டு, காயில்களையும் விளக்குகளையும் சாதாரணக் கணினி நிரலால் இயக்க வழிசெய்தது.

கருத்து வேறுபாடுகள்

எது வரை புதுப்பிக்கலாம் என்பதில் ஆர்வலர்கள் ஒருமித்தவர்கள் அல்லர். கிளியர் கோட் பூசிய பலகையில் குண்டு வழுக்கி ஓடும். 1960களின் மெல்லிய மெருகுக்கென அளந்து வடிவமைத்த ஆட்டத்தின் நிதானம் அதில் போய்விடும் என்பது ஒரு தரப்பு. ஆடமுடியாத பொருளைக் காப்பதில் பயனில்லை என்பது மறுதரப்பு. எல்இடியின் கூர்மையான ஒளி பழைய வண்ணங்களின் சமநிலையைக் குலைக்கிறது என்ற முறையீடும் உண்டு. நடைமுறையில் ஒரு சமரசம் நிலவுகிறது: அரிதான எந்திரத்தில் திரும்பப் பழையபடி ஆக்கமுடியாத எதையும் செய்வதில்லை, கழற்றிய அசல் உறுப்புகளைப் பையில் கட்டிப் பெட்டிக்குள்ளேயே வைத்துவிடுவார்கள்.

தொழில்மீது தாக்கம்

காட்லீப் பெயரில் நடந்த உற்பத்தி 1996இல் நின்றது. 1999இல் மற்றொரு பெரிய தயாரிப்பாளரான வில்லியம்ஸ் நிறுவனமும் பின்பாலைக் கைவிட்டது. உதிரிபாகங்களும் வரைபடங்களும் ஆர்வலர்கள் நடத்தும் சிறு கடைகள் வழியாகவே தொடர்ந்து கிடைத்தன. கலிபோர்னியாவின் பசிபிக் பின்பால் அருங்காட்சியகமும் லாஸ் வேகஸின் பின்பால் ஹால் ஆஃப் ஃபேமும், மீட்ட எந்திரங்களைப் பொதுமக்கள் ஆடவே திறந்துவைத்துள்ளன.

பட்டறையில் கற்றது தொழிலுக்கும் திரும்பியது. ஆர்வலரான பென் ஹெக் வீட்டில் உருவாக்கத் தொடங்கிய ‘அமெரிக்காஸ் மோஸ்ட் ஹான்டட்’ ஆட்டத்தைத்தான் விஸ்கான்சினின் ஸ்பூக்கி பின்பால் நிறுவனம் தன் முதல் தயாரிப்பாக வெளியிட்டது. 1998இல் பாலி பெயரில் வந்த ‘கேக்டஸ் கேன்யன்’, உற்பத்தி இடையில் நிறுத்தப்பட்டதால் நிரல் முடிக்கப்படாமலே கடைக்குப் போனது. ஓர் ஆர்வலர் பி-ராக் பலகையில் அதற்கு மீதி விதிகளையும் எழுதி முடித்தார். 2021இல் சிகாகோ கேமிங் நிறுவனம் அதே ஆட்டத்தை மறுபதிப்பாக அறிவித்தது. ஆயிரத்துக்கும் குறைவாகவே செய்யப்பட்டு அரைகுறையாக விடப்பட்ட ஒரு சரக்குக்கு, இருபது ஆண்டு கழித்தும் வாங்குவோர் காத்திருந்ததற்கு அதைச் சும்மா விடாத இந்தப் பொழுதுபோக்கே முக்கியக் காரணம்.