பெயரில்லாத இரண்டு கையொப்பங்கள்

2012 ஜூலையிலும் 2013 ஏப்ரலிலுமாக, ஒன்பது மாத இடைவெளியில், வரலாற்று மதிப்புள்ள இரண்டு கடிதச் சொத்துகள் கைமாறின. முதலாவது, காந்தியின் தென்னாப்பிரிக்க நண்பர் ஹெர்மன் காலன்பாக் சேர்த்து வைத்திருந்த கடிதங்களும் ஆவணங்களும் படங்களும். லண்டன் சோதபீஸ் நிறுவனம் இவற்றை ஜூலை 10 அன்று ஏலம் விடுவதாக அறிவித்திருந்தது. அதற்குள் இந்திய அரசு பேசி முடித்து மொத்தத்தையும் வாங்கிக்கொண்டது. இரண்டாவது, டி.என்.ஏ.வின் கட்டமைப்பைக் கண்டறிந்த இருவரில் ஒருவரான பிரான்சிஸ் கிரிக், 12 வயது மகன் மைக்கேலுக்கு எழுதிய கடிதம். அது நியூயார்க் கிறிஸ்டீஸ் ஏலத்துக்கு வந்து, பெயர் வெளியிடாத ஒருவரிடம் போனது.

ஒன்று ஒரு கட்டு. மற்றது ஏழே பக்கம். ஒன்றைப் பொதுப்பணம் வாங்கியது. மற்றதைத் தனியார் பணம் வாங்கியது. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால், பெரியவர்களின் கடிதங்களை விற்பதில் எது சரி, எது இழப்பு என்பது தெளிவாகிறது.

கையெழுத்தும் அதன் விலையும்

ஆட்டோகிராஃப் சந்தையில் ஒரு படிவரிசை உண்டு. காகிதத்திலிருந்து வெட்டியெடுத்த வெறும் கையொப்பம் கீழ்ப்படி. தட்டச்சு செய்து கையொப்பமிட்ட கடிதம் அதற்கு மேல். முழுவதும் தன் கையாலேயே எழுதிக் கையொப்பமிட்ட கடிதம் அதற்கும் மேல். எழுதியவர் எதனால் புகழ் பெற்றாரோ அதைப் பற்றியே அந்தக் கடிதம் பேசினால் அதுதான் உச்சி.

கையொப்பம் கேட்டு வந்தவர்களை இந்த இருவருமே தங்கள் பாணியில் எதிர்கொண்டவர்கள். காந்தி, ஒரு கையொப்பத்துக்கு ஐந்து ரூபாய் என்று விலை வைத்து, அதை ஹரிஜன நிதியில் சேர்த்தார். பல இந்திய மொழிகளில் கையொப்பமிட்டார், தமிழிலும் இட்டிருக்கிறார். கிரிக் நேர்மாறானவர். 1960களில் ஓர் அட்டையை அச்சடித்து வைத்திருந்தார். தம்மால் செய்ய இயலாதவை என்று அதில் ஒரு பட்டியல். பேட்டி தருவது, நோயைக் குணப்படுத்துவது எல்லாம் அதில் உண்டு. பட்டியலின் முதல் வரியே ஆட்டோகிராஃப் அனுப்புவதுதான். உரிய வரியில் ஒரு குறி போட்டு அட்டையைத் தபாலில் சேர்த்துவிடுவார்.

ஆனால் இவர்கள் எழுதிய மிக அந்தரங்கமான கடிதங்களில் உலகறிந்த பெயர் கிடையாது. கிரிக் மகனுக்கு எழுதிய கடிதம் 'அப்பா' என்று முடிகிறது. காலன்பாக்குக்கு எழுதிய கடிதங்களில் காந்தி தம்மை 'மேல்சபை' என்று குறிப்பிட்டுக்கொள்கிறார், நண்பர் 'கீழ்சபை'. நாடாளுமன்றத்தில் பணம் கீழ்சபையின் கையில், தடுக்கும் அதிகாரம் மேல்சபையின் கையில் என்பதை ஒட்டி எழுந்த செல்லப் பெயர்கள் இவை. செலவு செய்பவர் வசதியான கட்டடக் கலைஞர் காலன்பாக்; கட்டுப்பாடு விதிப்பவர் காந்தி. 1911 ஜூலையில் இந்தப் பெயர்களில் இருவரும் ஓர் ஒப்பந்தமே எழுதிக்கொண்டார்கள்.

பெயர் இல்லாததால் இந்தக் கடிதங்களின் மதிப்பு குறையவில்லை, கூடியது. ஊரறிந்த கையொப்பத்தைப் பார்த்து எழுதப் பழகிய மோசடிக்காரர்கள் எப்போதும் இருந்திருக்கிறார்கள். 1983-இல் ஜெர்மனியின் 'ஸ்டெர்ன்' இதழ் பெரும் பணம் கொடுத்து வாங்கிய ஹிட்லர் நாட்குறிப்புகள் போலி என்று, போருக்குப் பிந்தைய ரசாயனம் கலந்த காகிதமே காட்டிக்கொடுத்தது. இங்கே அந்தச் சந்தேகத்துக்கு இடமில்லை. கிரிக்கின் கடிதத்தை விற்றவர், அதைத் தபாலில் பெற்ற மகனேதான். காலன்பாக்கின் கட்டு அவருடைய குடும்பத்தின் கையிலேயே தலைமுறை கடந்து வந்தது. எந்தக் கையிலிருந்து எந்தக் கைக்கு வந்தது என்ற வரலாறு அறுபடாமல் இருப்பதுதான், இந்த வியாபாரத்தில் எந்த நிபுணர் சான்றிதழையும் விட வலுவான சான்று.

தாளில் இருப்பது

கிரிக்கின் கடிதத் தேதி 1953 மார்ச் 19. டி.என்.ஏ. கட்டமைப்பை உடன் கண்டறிந்த வாட்சனும் அவரும் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை 'நேச்சர்' இதழில் வந்தது ஏப்ரல் 25-இல். உலகத்துக்குச் சொல்வதற்கு ஐந்து வாரம் முன்பே, விடுதிப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த மகனுக்குத் தகப்பன் சொல்லிவிட்டார். நாங்கள் முக்கியமான ஒன்றைக் கண்டுபிடித்திருக்கிறோம் போலிருக்கிறது என்று தொடங்கி, டி.என்.ஏ.வின் நீண்ட ரசாயனப் பெயரைக் கவனமாகப் படிக்கச் சொல்கிறார். சங்கிலிகள் இரண்டும் முறுக்கிக்கொண்டிருப்பதை வரைந்து காட்டி, மாதிரி இந்தப் படத்தைவிட அழகாக இருக்கும் என்கிறார். நான்கு காரங்களில் எது எதனோடு மட்டும் ஜோடி சேரும் என்பதை விளக்குகிறார். ஒரு சங்கிலியை வைத்து மற்றதை உருவாக்கலாம், உயிரிலிருந்து உயிர் வரும் வழி இதுதான் என்கிறார். வீட்டுக்கு வரும்போது மாதிரியைக் காட்டுவதாக வாக்களித்து முடிக்கிறார்.

ஏப்ரல் கட்டுரை இந்தப் பிரதியெடுக்கும் வழியை ஒரே வாக்கியத்தில் தொட்டுவிட்டு நகர்ந்துவிட்டது. மகனுக்கான கடிதம் அதைப் பன்னிரண்டு வயதுப் பையனுக்குப் புரியும்படி விரித்துச் சொல்கிறது. இந்தக் கடிதத்தைப் படிக்க வேறு எந்தத் தாளும் துணைக்கு வேண்டியதில்லை. ஏழு பக்கத்துக்குள்ளேயே தொடக்கமும் விளக்கமும் முடிவும் இருக்கின்றன.

காலன்பாக் ஆவணங்களின் இயல்பு வேறு. அவர் 1910-இல் ஜோகன்னஸ்பர்க்குக்கு வெளியே 1,100 ஏக்கர் நிலத்தை வாடகையில்லாமல் சத்தியாக்கிரகிகளுக்கு விட்டவர். அதுவே டால்ஸ்டாய் பண்ணை. சிறை சென்றவர்களின் குடும்பங்கள் அங்கே தங்கின. தமிழ்க் குடும்பங்களும் அவற்றில் உண்டு. தமிழ்ப் பிள்ளைகளுக்குக் காந்தியே அங்கே தமிழ் சொல்லிக்கொடுத்தார். 1914-இல் இருவரும் சேர்ந்தே தென்னாப்பிரிக்காவை விட்டுக் கிளம்பினார்கள். போர் மூண்டதால், ஜெர்மானியராகப் பிறந்த காலன்பாக்கை ஆங்கில அரசு இந்தியாவுக்கு விடவில்லை, காவலில் வைத்தது. அவர்கள் மறுபடி சந்தித்தது 1937-இல்.

இந்தக் கதை எந்த ஒரு கடிதத்திலும் முழுதாக இல்லை. காந்தி எழுதியது ஒரு பங்கு, அவருடைய பிள்ளைகளும் நண்பர்களும் காலன்பாக்குக்கு எழுதியவை இன்னொரு பங்கு, படங்கள் வேறு. மகன் எழுதியதைத் தந்தை எழுதியதோடு வைத்துப் படித்தால்தான் வீட்டுக்குள் நடந்தது தெரியும். இதில் நிரப்பவே முடியாத ஒரு பள்ளமும் இருக்கிறது. காலன்பாக் தமக்கு எழுதிய தொடக்கக் காலக் கடிதங்களை, நண்பரின் விருப்பம் என்று எண்ணிக் காந்தி அழித்துவிட்டார். காலன்பாக்கோ காந்தியின் கடிதங்களை எல்லாம் காப்பாற்றி வைத்தார். பாதி உரையாடல் ஏற்கெனவே போய்விட்ட நிலையில், மிஞ்சியிருந்த பாதியைத் துண்டு துண்டாக விற்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

விற்கும் உரிமை

கடிதம் போய்ச் சேர்ந்தவுடன் தாள் பெற்றவருக்குச் சொந்தமாகிறது. வாசகத்தின் காப்புரிமை எழுதியவரிடமும் பிறகு அவருடைய வாரிசுகளிடமும் தங்குகிறது. இருவர் விஷயத்திலும் சட்டப்படி விற்பனையில் குறையில்லை. நியாயம் பற்றிய கேள்வியில்தான் வேறுபாடு.

கிரிக்கின் கடிதம் அறிவைப் பகிரும் கடிதம். அதை வெளியிட்டால் யாருடைய அந்தரங்கமும் காயப்படாது. விற்றுவந்த தொகையில் பாதி, கிரிக் தம் பிற்காலத்தில் பணியாற்றிய கலிபோர்னியாவின் சால்க் ஆய்வு நிலையத்துக்குப் போகும் என்று முன்பே அறிவித்தார்கள். தந்தையின் ஆய்வு மரபுக்கு மகன் செய்த மரியாதை அது.

காலன்பாக் கடிதங்களின் நிலை அப்படியல்ல. எழுதிய இருவருமே அவை அச்சேறும் என்று நினைத்து எழுதவில்லை. 2011-இல் ஜோசப் லெலிவெல்டின் காந்தி நூல் வந்தபோது, இந்த நட்பைப் பற்றிய பக்கங்கள் பெரும் சர்ச்சையைக் கிளப்பின. குஜராத் அரசு நூலையே தடை செய்தது. அடுத்த ஆண்டே மிச்ச ஆவணங்கள் சந்தைக்கு வந்தன. இத்தகைய கடிதங்களைப் பற்றி வதந்தி பேசுவதைவிட அவற்றை முழுமையாகப் படிப்பதே எழுதியவர்களுக்குச் செய்யும் நியாயம். ஒரு வரியைப் பிய்த்தெடுத்துப் பேசினால் எதையும் சொல்லலாம். முன்னும் பின்னும் இருக்கும் கடிதங்கள் கூடவே இருந்தால் அப்படிப் பேச முடியாது.

சுத்தியலும் பேச்சுவார்த்தையும்

கிரிக் கடிதத்துக்கு கிறிஸ்டீஸ் முன்கூட்டிச் சொன்ன மதிப்பீடு 10 முதல் 20 லட்சம் டாலர். 2013 ஏப்ரல் 10 அன்று சுத்தியல் விழுந்தது 53 லட்சத்தில். வாங்குபவர் ஏல நிறுவனத்துக்குக் கட்டும் கமிஷன் 7,59,750 டாலர் சேர்ந்து மொத்தம் 60,59,750 டாலர் ஆனது. அடிமைக் குழந்தைகளை விடுவிக்கக் கோரிய சிறுவர்களின் மனுவுக்கு ஆபிரகாம் லிங்கன் எழுதிய பதில் 2008-இல் சுமார் 34 லட்சம் டாலருக்குப் போயிருந்தது. அதை இது எங்கோ பின்னுக்குத் தள்ளியது. மறுநாளே வேறொரு ஏல நிறுவனத்தில் கிரிக்கின் நோபல் பதக்கம் சுமார் 22.7 லட்சம் டாலருக்கு விற்றது. ஒரே மனிதரின் இரண்டு அடையாளங்கள் இரண்டு நாளில் இரண்டு திசையில் பிரிந்தன.

காலன்பாக் கட்டுக்கு சோதபீஸ் வைத்த மதிப்பீடு 5 முதல் 7 லட்சம் பவுண்டு. இந்திய அரசு கொடுத்தது சுமார் 7 லட்சம் பவுண்டு, அதாவது மதிப்பீட்டின் மேல்வரம்பு. பகிரங்க ஏலத்துக்கு விட்டிருந்தால் போட்டியில் விலை இன்னும் ஏறியிருக்கலாம். விற்றவர்கள் அந்த வாய்ப்பைக் கைவிட்டார்கள். வாங்கியவருக்கு உறுதி கிடைத்தது. விற்றவருக்குக் கட்டு சிதறாது என்ற நிம்மதி கிடைத்தது. பல ஆண்டுகளுக்கு முன்பு காலன்பாக் குடும்பம் காந்தியின் கடிதங்களை ஏலத்துக்குக் கொண்டுவந்தபோது, அவையும் டெல்லி தேசிய ஆவணக் காப்பகத்துக்கே வந்து சேர்ந்திருந்தன. 2012-இல் வாங்கியது அவற்றோடு இணைந்தது. 2013 ஜனவரி 30, காந்தியின் நினைவு நாளில், புதிதாக வந்தவற்றில் சில பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டன.

எது மேல்?

அரசு வாங்கினால் நல்லது, தனியார் வாங்கினால் கெட்டது என்று ஒரே வரியில் தீர்ப்புச் சொல்ல முடியாது. கிரிக் உயிரோடிருந்தபோதே, 2001-இல், அவருடைய ஆய்வுத் தாள்களின் பெரும்பகுதியை வெல்கம் அறக்கட்டளை பிரிட்டனின் லாட்டரி நிதியத்தின் துணையோடு 18 லட்சம் பவுண்டுக்கு வாங்கி, லண்டனில் தன் நூலகத்தில் சேர்த்துவிட்டது. ஆய்வாளருக்கு வேண்டிய கட்டு அங்கே பத்திரமாக இருக்கிறது. மகனுக்கு எழுதிய கடிதம் அந்தக் கட்டுக்கு வெளியே, தனியாக நின்று பொருள் தரும் ஒன்று. அதன் வாசகமும் ஏலத்தின்போதே அச்சில் வந்து எல்லோரும் படிக்கும்படி ஆகிவிட்டது. ஆகவே அது தனியார் கைக்குப் போனதால் அறிவுக்கு நேர்ந்த இழப்பு சிறியது. இழப்பு அறவே இல்லை என்றும் சொல்ல முடியாது. மூலத்தாளின் மையையும் அடித்தல் திருத்தங்களையும் ஓர் ஆய்வாளர் நேரில் பார்க்க விரும்பினால், பெயர் தெரியாத உரிமையாளரின் தயவு வேண்டும்.

காலன்பாக் ஆவணங்கள் அப்படிப் போயிருந்தால் இழப்புக்கு ஈடே இருந்திருக்காது. விலை உயர்ந்த சில கடிதங்கள் பத்து ஊர்களில் பத்து அலமாரிகளுக்குள் போயிருக்கும். விலை போகாத பிள்ளைகளின் கடிதங்களையும் கணக்குத் தாள்களையும் கவனிக்க ஆளிருந்திருக்காது. ஏலம் தாளுக்குத் தாள் விலை சொல்லும். பக்கத்துத் தாளோடு அதற்கு இருக்கும் உறவுக்கு விலை சொல்ல ஏலத்துக்குத் தெரியாது. ஆய்வாளர் தேடிப் போவது அந்த உறவைத்தான்.

அரசுக் காப்பகத்துக்கும் ஒரு நிபந்தனை உண்டு. பொதுப்பணத்தில் வாங்கியதை ஆண்டுக்கொரு முறை கண்ணாடிப் பெட்டியில் வைத்துக் காட்டினால் போதாது. பட்டியலிட்டு, படமெடுத்து, கேட்பவருக்கெல்லாம் படிக்கக் கொடுக்க வேண்டும். சங்கடம் தரும் பக்கமும் பெருமை தரும் பக்கமும் ஒரே மரியாதையோடு திறந்திருக்க வேண்டும். பூட்டி வைக்கும் காப்பகத்துக்கும் பெயர் சொல்லாத சேகரிப்பாளருக்கும் வாசகரைப் பொறுத்தவரை வித்தியாசம் இல்லை.

பெரியவர்களின் கடிதங்களை வைத்திருக்கும் குடும்பங்கள் விற்பதில் தவறில்லை. பாதுகாக்க வசதியில்லாத வீட்டில் ஈரத்துக்கும் பூச்சிக்கும் இரையாவதைவிட விற்பதே மேல். அவர்கள் செய்ய வேண்டியவை மூன்று. கட்டைப் பிரிக்காமல் முதலில் ஒரு காப்பகத்திடம் விலை பேசுவது, தனியாக நிற்கக்கூடிய கடிதத்தை விற்றாலும் முழுப் படியை ஒரு நூலகத்தில் சேர்ப்பது, யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்ற விவரத்தை எழுதிக் கூடவே கொடுப்பது. கிரிக்கின் மகனும் காலன்பாக்கின் குடும்பத்தாரும் இவற்றில் பெரும்பகுதியைத் தங்கள் வழியில் செய்தார்கள். அதனால்தான் ஒரு தகப்பன் மகனுக்குச் சொன்ன அறிவியலும், இரண்டு நண்பர்கள் தங்களுக்கு விதித்துக்கொண்ட வாழ்க்கையும் இன்றைய வாசகரின் கைக்கு எட்டுகின்றன.