பாம்பன் பாலமும் பதினொன்றரை மில்லிமீட்டரும்

பாம்பன் ரயில் பாலத்தை 1:87 அளவில் மாதிரியாகச் செய்ய நினைக்கிறவர் முதலில் முடிவு பண்ண வேண்டியது எந்த ஆண்டுப் பாலம் என்பதை. 1914 பிப்ரவரியில் திறந்தபோது அதன்மேல் ஓடியது மீட்டர் கேஜ். அகலப் பாதை வந்தது 2007-ல். 87-ஆல் வகுத்தால் முன்னது 11.5 மி.மீ., பின்னது 19.3 மி.மீ. இந்த அளவுக்குக் கடையில் சாதாரணமாகக் கிடைக்கிற தண்டவாளம் 16.5 மி.மீ. அது ஐரோப்பா, அமெரிக்காவின் 1435 மி.மீ. பாதைக்கானது. நம்ம பாலத்துக்கு எந்தக் காலத்திலும் பொருந்தாது. சுவிஸ் மலை ரயில்களுக்காக விற்கும் 12 மி.மீ. தடத்தை வைத்து மீட்டர் கேஜை ஒப்பேற்றலாம். மற்றதெல்லாம் கையால் செய்ததுதான்.

முழுப் பாலம் இரண்டு கிலோமீட்டருக்கு மேல். மாதிரியிலேயே 24 மீட்டர் வரும். எந்த வீட்டிலும் அதற்கு இடம் இல்லை. அதனால் கப்பலுக்கு வழிவிடும் தூக்குப் பகுதி மட்டும்.

இணையத்தில் திரும்பத் திரும்ப வரும் ஒரு வரி: "ஜெர்மன் பொறியாளர் ஷெர்சர் கட்டியது." வில்லியம் ஷெர்சர் இல்லினாயில் பிறந்த அமெரிக்கர், 1893-ல் இறந்துவிட்டார். காப்புரிமை அதே ஆண்டு டிசம்பரில்தான் வந்தது. சிகாகோ நிறுவனத்தை நடத்தியது தம்பி ஆல்பர்ட். இருபது வருஷம் முன்னாடி செத்தவர் பாம்பனில் எப்படிப் பாலம் கட்டுவார்? வந்தது அவருடைய வடிவமைப்பு.

அது கீலில் திரும்பும் கதவு மாதிரி இல்லை, சாய்ந்தாடும் நாற்காலி மாதிரி. வளைந்த அடிப்பாகம் பின்னோக்கி உருளும். ஷெர்சர் முறையில் அது வழுக்காமல் இருக்க, கீழே தளத்தில் பற்கள், வளைவில் அவற்றுக்கான துளைகள். மாதிரியில் இந்தப் பற்களை ஒப்புக்கு வரைந்துவிட்டால் பாலம் திறக்கும்போது நழுவும். கால் மி.மீ. பிளாஸ்டிக் தகட்டில் ஒவ்வொன்றாக வெட்டி ஒட்டினால்தான் அந்த மனுஷர் என்ன யோசித்தார் என்று கைக்குப் புரியும். (எங்க உத்தரகோசமங்கை கோயில் யாளியின் வாயில் உருளும் கல் உருண்டையைச் செதுக்கிய சிற்பிக்கு ஒட்டுகிற வசதிகூட இல்லை!)

ரிவெட் தலை 35 மி.மீ. என்றால் மாதிரியில் 0.4. மாத்திரை அட்டையின் அலுமினியத் தாளைப் பின்புறம் மழுங்கிய ஊசியால் அழுத்தினால் அச்சு அசலாக வரும். ஒரு வரிசைக்கு ஒரு மணி நேரம்.

பாலத்தின் ஒவ்வொரு சிறகும் 415 டன். ஆட்கள் நெம்புகோலைத் தள்ளியே திறந்தார்கள் என்றால் காரணம் எதிரெடை. அளவுக்குக் குறைத்தால் 415 டன் வெறும் 630 கிராம். மாதிரியின் எதிரெடைக்கு வலையில் கட்டும் ஈயக்குண்டு போதும், ராமேசுவரத்தில் தாராளமாகக் கிடைக்கும்.

1964 டிசம்பர் புயலில் 145 கண்களில் 126 போய்விட்டன. ஸ்ரீதரன் தலைமையில் 46 நாளில் சரிசெய்தார்கள், கடலடியில் கிடந்த கர்டர்களையே தூக்கி எடுத்து மாட்டினார்கள். தூக்குப் பகுதி அசையவில்லை. ஆக, புயலில் தப்பிய 1914-ன் வேலை அது.

2022 டிசம்பரில் அதில் ரயில் நின்றது. 2025 ஏப்ரல் 6-ல் திறந்த புதுப் பாலத்தில் 72.5 மீட்டர் கண் மோட்டாரால் நேராக மேலே போகிறது.

பழையதன் இணையப் படங்களில் பெரும்பாலும் அகலப் பாதைதான். 2006-க்கு முந்தைய ராமேசுவரப் பயணப் படம், ஜன்னல் வழியே கீழே பார்த்து எடுத்தது, உங்கள் வீட்டு ஆல்பத்தில் இருந்தால் அனுப்புங்கள். ஸ்லீப்பரும் நெம்புகோலும் தெரிந்தால் போதும், முகங்களை வெட்டிவிடலாம்.