ஹார்மோன்கள் உயிரணுக்களில் செயல்படும் விதம்

நாளமில்லாச் சுரப்பிகள் நேரடியாக இரத்தத்தில் சேர்க்கும் வேதித் தூதுப் பொருள்களே ஹார்மோன்கள். இரத்தத்தோடு உடலெங்கும் சென்றாலும், தமக்குரிய ஏற்பிப் புரதம் இருக்கும் உயிரணுக்களை மட்டுமே அவை இயக்கும். அந்த ஏற்பி உயிரணுவின் மேற்பரப்பில் இருக்குமா, உள்ளே இருக்குமா என்பது பெரும்பாலும் ஹார்மோனின் கரைதிறனைப் பொறுத்தது. உயிரணுச் சவ்வின் நடு அடுக்கு கொழுப்பாலானது. நீரில் கரையும் ஹார்மோன்கள் அதைத் தாமாகக் கடக்க முடியாது. கொழுப்பில் கரைபவை கடந்துவிடும்.

சிறுநீரகங்களின் மேலுள்ள அட்ரீனல் சுரப்பி இரு வகையையும் சுரக்கிறது. அதன் உட்பகுதி நீரில் கரையும் அட்ரீனலினை நுண்பைகளில் சேமித்து வைத்து, நரம்புத் தூண்டல் வந்தவுடன் வெளியிடும். புறணியில் கொலஸ்ட்ராலிலிருந்து உருவாகும் கார்ட்டிசால் என்ற கொழுப்பில் கரையும் ஸ்டீராய்டை அப்படிச் சேமிக்க இயலாது. சவ்வு வழியே கசிந்துவிடும் என்பதால் தேவைப்படும்போதுதான் அது தயாராகிறது.

வெளியே நிற்கும் அட்ரீனலின் உள்ளே வேலை நடத்துவது எப்படி? அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் ஏர்ல் சதர்லாந்தும் சக ஆய்வாளர்களும் 1950களில் செய்த சோதனை இதற்கு விடை தந்தது. அரைத்த கல்லீரல் திசுவிலிருந்து சவ்வுத் துணுக்குகளை நீக்கியபோது, எஞ்சிய நீர்மம் அட்ரீனலினுக்கு எதிர்வினை காட்டவில்லை. நீக்கிய துணுக்குகளோடு அட்ரீனலினைத் தனியே கலந்தார்கள். அங்கு உண்டான, சூடாக்கினாலும் கெடாத ஒரு பொருளை நீர்மத்தில் சேர்த்ததும், கல்லீரல் சேமிக்கும் கிளைக்கோஜனைச் சிதைக்கும் நொதி விழித்துக்கொண்டது. ஹார்மோன் அந்த நீர்மத்தைத் தொடவே தேவையில்லை என்று காட்டிய அழகான சோதனை இது. அந்தப் பொருளே சைக்ளிக் ஏ.எம்.பி. என்னும் இரண்டாம் தூதுவர். சதர்லாந்துக்கு 1971இல் நோபல் பரிசு கிடைத்தது. ஏற்பிக்கும் இரண்டாம் தூதுவரை ஆக்கும் நொதிக்கும் இடையே ஜி புரதம் செயல்படுவது பின்னர் தெரியவந்தது. இந்தத் தொடரின் பல படிகளில் சமிக்ஞை பன்மடங்காகப் பெருகுவதால் மிகச் சிறிதளவு ஹார்மோனே போதும். இன்சுலினின் ஏற்பி வேறு வகை; அதுவே ஒரு நொதியாகவும் செயல்படும்.

கொழுப்பில் கரையும் ஹார்மோன்கள் இரத்தத்தில் பெரும்பகுதி கடத்துப் புரதங்களோடு பிணைந்தே பயணிக்கின்றன. உயிரணுவுக்குள் நுழைவது பிணையாத சிறு பகுதிதான். கார்ட்டிசால் சைட்டோபிளாசத்தில் உள்ள ஏற்பியோடு இணைகிறது. அந்த இணை உட்கருவுக்குள் சென்று, டி.என்.ஏ.வின் குறிப்பிட்ட இடங்களில் ஒட்டி, மரபணுக்களின் செயலைக் கூட்டவோ குறைக்கவோ செய்கிறது. புதிய புரதம் உருவாக வேண்டியிருப்பதால் விளைவு தெரியப் பெரும்பாலும் மணிக்கணக்காகும். ஆனால் நீடித்து நிற்கும்.

இவ்விரு வகைகளுக்கும் இடையே பாடநூல்கள் வரையும் எல்லைக்கோடு இயற்கையில் அவ்வளவு நேராக இல்லை. அட்ரீனலின், தைராய்டு சுரப்பியின் தைராக்ஸின் இரண்டும் டைரோசின் என்ற ஒரே அமினோ அமிலத்திலிருந்து பிறப்பவை. முன்னது சவ்வுக்கு வெளியே நிற்கிறது, பின்னது உட்கருவில் செயல்படுகிறது. அந்தத் தைராக்ஸினும் உயிரணுவுக்குள் புகக் கடத்திப் புரதங்களின் துணையை நாடுகிறது. சில ஸ்டீராய்டுகள் மரபணுக்களைத் தொடாமலே விரைவாக விளைவு காட்டுவதும் உண்டு.

மருத்துவத்தில் ஹார்மோன்களுக்கிடையிலான இத்தகைய வேறுபாடுகள் அன்றாடம் தெரிகின்றன. தைராக்ஸின் மாத்திரையாகவே பலன் தரும். இரத்தத்தில் அதன் அரை ஆயுள் சுமார் 7 நாள் என்பதால் தினம் ஒரு வேளை போதும். புரதமான இன்சுலினை விழுங்கினால் செரிமான நொதிகள் சிதைத்துவிடும், ஆகவே ஊசி. உயிருக்கு ஆபத்தான ஒவ்வாமையில் முதலில் தொடைத் தசையில் போடப்படுவது அட்ரீனலின். அது சில நிமிடங்களில் வேலை செய்யும். ஸ்டீராய்டு பலன் தர மணிக்கணக்காகும் என்பதால் அதற்கு மாற்றாகாது.