பதினேழு தடவை வைத்தியம்

ஒரு டாக்டரின் மருந்து பிடிக்காவிட்டால் நாம் அடுத்த தெரு டாக்டரிடம் போகிறோம். அது ஒரு சுதந்திரம் என்று நமக்குத் தோன்றுவதேயில்லை. சிறைக்குள் இருப்பவனுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

அமெரிக்காவில், டெக்ஸாஸ் சிறையில் காம்பிள் என்று ஒரு கைதி. 1973 நவம்பர் 9-ந் தேதி லாரியிலிருந்து பஞ்சுப் பொதிகளை இறக்கும்போது ஒரு பொதி அவர்மேல் விழுந்தது. முதுகில் தாங்கமுடியாத வலி. சிறை வைத்தியர்கள் தசைப் பிடிப்பு என்று மாத்திரை கொடுத்தார்கள். வலி தீரவில்லை. “வேலை செய்ய முடியாது” என்றார். தனிக் கொட்டடியில் அடைத்தார்கள். பிறகு நெஞ்சுவலியும் வந்தது. டாக்டரைப் பார்க்க வேண்டுமென்று கேட்டார்; இரண்டு நாள் காவலர்கள் விடவில்லை. 1974 பிப்ரவரியில் வக்கீல் இல்லாமல் தம் கைப்படவே ஒரு மனு எழுதிக் கோர்ட்டுக்கு அனுப்பினார்.

அந்த மனு சுப்ரீம் கோர்ட்டு வரை போயிற்று. 1976 நவம்பர் 30-ந் தேதி நீதிபதி தர்குட் மார்ஷல் தீர்ப்பு எழுதினார். கைதி தன் வைத்தியத்துக்குச் சர்க்காரைத்தான் நம்பியிருக்க வேண்டும். ஆகவே அவனுடைய கடும் நோயைத் தெரிந்தே அலட்சியம் செய்வது, 1791-லேயே அரசியல் சட்டம் தடுத்துவிட்ட கொடிய தண்டனைக்குச் சமானம் என்றார். அந்த நாட்டில் சிறைக்குள் இருக்கும் ஒவ்வொரு நோயாளிக்கும் அன்று ஓர் உரிமை பிறந்தது.

காம்பிளுக்கு என்ன கிடைத்தது? மூன்று மாதத்தில் 17 தடவை வைத்தியம் பார்த்திருக்கிறார்கள். எக்ஸ்ரே எடுக்காதது பிசகானாலும் அது வைத்தியத் தவறுதான், கொடுமை அல்ல என்று டாக்டர்மீது போட்ட வழக்கைத் தள்ளிவிட்டார்கள். மற்ற அதிகாரிகளின் விஷயத்தைக் கீழ்க்கோர்ட்டு பார்க்கட்டும் என்று திருப்பி அனுப்பினார்கள்.

நீதிபதி ஸ்டீவன்ஸ் ஒருவர் மட்டும் மாறுபட்டார். தண்டனை கொடியதா என்பதற்கு அதன் தன்மையைப் பார்க்க வேண்டுமே தவிர, அதைச் செய்தவரின் நோக்கத்தை அல்ல என்பது அவர் கட்சி. அது எடுபடவில்லை. ஆபத்து இருப்பது அதிகாரிக்கு உண்மையிலேயே தெரிந்திருக்க வேண்டும் என்று 1994-ல் அதே கோர்ட்டு இன்னும் இறுக்கிவிட்டது.

கதை எழுதுகிற எனக்கு இது வேடிக்கையாகவும் வேதனையாகவும் இருக்கிறது. பிறர் மனத்துக்குள் புகுந்து பார்ப்பது எங்கள் தொழில். அதிலும் நாங்கள் பாதி கற்பனைதான் செய்கிறோம். கொட்டடியில் முதுகு வலியோடு படுத்திருப்பவனோ, தன் டாக்டரின் மனத்தில் இருந்ததைச் சாட்சியத்தோடு நிரூபிக்க வேண்டுமாம்!