மலையகக் கூத்துக் கதைகளிற் பெண்

நாட்டார் கதைகள் சமூக வாழ்வைப் பிரதிபலிப்பன என்பது பொதுவாக ஏற்றுக்கொள்ளப்பட்ட கருத்தாகும். எனினும் ஒரு கதையை எவர் நிகழ்த்துகின்றனர், எவர் பார்த்திருக்கின்றனர் என்பவற்றைக் கருத்திற் கொள்ளாது அதனை வரலாற்றுச் சான்றாகக் கொள்ளின் பிழையான முடிபுகளே பெறப்படும். நுவரெலியா, ஹற்றன் முதலாய பகுதிகளின் தேயிலைத் தோட்டங்களில் ஆடப்பட்டு வரும் கூத்துகள் பெண்ணைக் காட்டும் முறை இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும்.

காமன் கூத்து, பொன்னர் சங்கர், அருச்சுனன் தபசு ஆகிய மூன்றும் மலையகத்தின் முதன்மையான கூத்துகள். மூன்றும் தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளருடன் வந்தவை. இவற்றுட் காமன் கூத்து மாசி மாதத்தில் தப்பொலியுடன், தோட்டத்தார் பலரும் கூடி நடத்தும் சடங்காக நிகழ்வது. தவத்திலிருக்கும் சிவனை எழுப்புமாறு தேவர்கள் மன்மதனை ஏவுகின்றனர். ரதி தடுக்கின்றாள்; அவன் கேளாது சென்று நெற்றிக்கண்ணால் எரிகின்றான். ரதி புலம்பி இரந்து கணவனை மீளப் பெறுகின்றாள். பொன்னர் சங்கர் கதையிலும் தங்கையாகிய அருக்காணி, களத்தில் மடிந்த தமையன்மாருக்காகப் புலம்புபவளே. தடுத்தல், காத்திருத்தல், அழுதல் என்பனவே இக்கதைகள் பெண்ணுக்கு வகுத்த பணிகள்.

இக்கதைகள் மலையகத்தில் வேரூன்றியமைக்குத் தக்க காரணமுண்டு. கோப்பிக் காலத்தில், குறிப்பாக அதன் முற்பகுதியில், தொழிலாளருட் பெரும்பாலோர் ஆடவராவர். அறுவடைக் காலத்தை நோக்கிக் கடல் கடந்து, மன்னார்க் கரையிலிருந்து காட்டு வழியே கால்நடையாக மலைக்கு வந்தனர். நோயாலும் பசியாலும் வழியில் மாண்டோர் பலர். மேலோர் ஏவலால் மனைவியைப் பிரிந்து சென்று மாண்டவன் கதை, அத்தகைய வாழ்வினருக்குப் புராணக் கதையாக மட்டும் தோன்றியிராது எனக் கருத இடமுண்டு.

ஆயின் பொருளாதார அடித்தளம் விரைவில் மாறியது. 1867ல் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரையில் தேயிலையைப் பெருந்தோட்டப் பயிராகத் தொடங்கினார். 1869ல் தோன்றிய இலைநோய் அடுத்த இரு தசாப்தங்களுள் கோப்பியை அழித்தது. தேயிலைக்கு ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்கும் கைகள் தேவைப்பட்டன. எனவே குடும்பங்கள் லயங்களிற் குடியமர்ந்தன. கொழுந்து பறித்தல் பெண்ணின் தொழிலாயிற்று. கதையில் வீட்டில் இருந்து அழுதவள், வாழ்விற் குழந்தையைப் பிள்ளைக் காம்பராவில் விட்டு, விடியற்காலைப் பெரட்டுக்குப் பின் கூடையுடன் மலையேறினாள். ஏற்றுமதிச் செல்வத்துக்கு ஆதாரமாயிருந்தது அவள் உழைப்பேயாகும்.

எனினும் உழைப்புக்கேற்ற மதிப்பு அவளுக்குக் கிட்டவில்லை. 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சச் சம்பளச் சட்டத்தின்படி 1929ல் உயர்மலைத் தோட்டங்களில் ஆணுக்கு 54 சதமும் பெண்ணுக்கு 43 சதமும் நாட்சம்பளமாக விதிக்கப்பட்டன. மனைவியின் சம்பளத்தைக் கணவன் பெற்றுக்கொள்ளும் வழக்கமும் நிலவியது. சமசம்பளம் 1984ல், தொழிற்சங்கப் போராட்டத்தின் பின்னரே கிடைத்தது. பெண்ணைக் கணவனின் நிழலாகக் காட்டிய கதைக்கும், அவளது உழைப்பைத் துணை வருமானமாகக் கணித்த நிருவாகத்துக்கும் இவ்விடத்து ஓர் ஒற்றுமை புலப்படுகின்றது.

இங்கு மேலும் ஓர் உண்மை நோக்கத்தக்கது. மரபுப்படி ரதியாக வேடம் பூண்டு புலம்பியவர் ஆடவரே. பெண்ணின் துயரம் ஆணின் குரலிலேயே அரங்கேறியது. பெண்கள் சுற்றியிருந்து பார்த்தனர். அவர்களது சொந்தக் குரல் தாலாட்டிலும் ஒப்பாரியிலும் கொழுந்து மலைப் பாடல்களிலும் ஒலித்தது. கங்காணியின் கொடுமை, குறைக்கப்பட்ட சம்பளம், பிரிந்து வந்த ஊர் முதலியன அவற்றின் பொருளாயின. பூண்டுலோயாப் பகுதியின் மடகொம்பரைத் தோட்டத்திற் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை (1914 - 1984) இத்தகைய மலைநாட்டுப் பாடல்களைத் தொகுத்துப் பேணியமை பெருந்தொண்டாகும்.

இக்குரல் பொதுமேடைக்கும் வந்தது. 1931ல் ஹற்றனைத் தளமாகக் கொண்டு தோட்டத் தொழிலாளர் சங்கத்தைத் தோற்றுவித்த கோ. நடேசய்யரின் மனைவி மீனாட்சி அம்மாள், மக்களுக்குப் பழக்கமான மெட்டுகளில் அரசியற் பாடல்களை இயற்றித் தோட்டந்தோறும் பாடினார். அவை 1940ல் நூலுருவும் பெற்றன. புலம்பற் குரலாகக் கூத்திற் கேட்ட பெண்குரல் இங்கு உரிமை கோரும் குரலாயிற்று.

இதனால் பெண்களின் பாடல்கள் யாவும் எதிர்ப்புக் குரல்கள் என்று முடிவுகட்டுதல் பொருந்தாது. தாலாட்டிலும் ஆண்மகவைப் போற்றும் மனப்பாங்கு உண்டு. தாய்மாமன் பெருமை உண்டு. வழிவழி வந்த மதிப்பீடுகளும் வாழ்வு புகட்டிய உண்மைகளும் ஒரே பாடலில் அருகருகே நிற்கின்றன. அம்முரண்பாடே வரலாற்று மாணவனுக்கு வேண்டிய சான்று. காமன் கூத்தை மட்டும் கொண்டு மலையகப் பெண்ணை மதிப்பிடுவோர் அழுகின்ற ரதியையே காண்பர். அக்கூத்தைப் பார்த்திருந்து, மறுநாட் காலை கூடையுடன் மலையேறியவளையும் கணக்கிற் கொள்ளும்போதுதான் அவள் வரலாறு முழுமை பெறும்.